ஆறில் இரண்டு

அத்தியாயம் 11

செபாஸ்தியானுக்கு நாய் என்றால் உயிர். கொடுத்த வார்த்தை என்றால் உயிருக்கும் ஒரு படி மேல். போன வாரம் சங்கக் கூட்டத்தில் மனிதர் போட்ட சத்தம் உங்களுக்கு நினைவிருக்கும். டி.என்.ஏ. சோதனையில் தாய் தகப்பன் யாரென்று உறுதியான குட்டிகளுக்குத்தான் இனிமேல் பதிவுச் சான்று என்று நாட்டு நாய் வளர்ப்போர் சங்கத்தில் புது விதி கொண்டுவந்தார்கள். மற்றவர்கள் தலையாட்டினார்கள். இவர் மட்டும் எழுந்து நின்று, "நான் சொல்றத வுட பஞ்சுக் குச்சி சொல்றது ஒசத்தியா?" என்று கேட்டார். அதோடு உட்கார்ந்திருக்கலாம். "என் கையால ஒரு குட்டி தப்பாப் போயிருந்தா என்ன சங்கத்த வுட்டே தூக்கிடுங்க" என்று வேறு சொல்லிவிட்டு வந்தார்.

மகன் ராபின்தான் அவரை வழிக்குக் கொண்டுவந்தான். "உங்கள யாருப்பா சந்தேகப்பட்டா? எல்லாரும் உங்கள மாதிரியே இருந்தா இந்த விதியே தேவையில்ல. ஊர்ல அப்படியா இருக்கானுங்க?" என்று நயமாகப் பேசி, தாய் சிட்டு, தகப்பன் வேலன், ஆறு குட்டிகள் என்று அத்தனை வாயிலும் பஞ்சுக் குச்சியை விட்டுக் கன்னத்தின் உட்புறம் தேய்த்தெடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினான். வேலன் குச்சியைக் கடித்து முறித்த கதையையும் போன வாரம் பார்த்தோம்.

செபாஸ்தியான் இப்படி முறுக்கிக்கொள்ளக் காரணம் உண்டு. மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்ற பிறகு, கச்சிராயபாளையம் சாலையோரத்து வீட்டில் கன்னி என்கிற நாட்டு வேட்டை நாய் இனத்தை வளர்க்கிறார். குட்டி கேட்டு வருகிறவர் கையில் சட்டென்று தூக்கிக் கொடுத்துவிட மாட்டார். தட்டில் வெற்றிலை பாக்கு வைக்கவேண்டும். குட்டியின் தலையில் வலது கையை வைத்து, "தாய் சிட்டு. தகப்பன் உளுந்தூர்பேட்டை அய்யப்பன் வூட்டு வேலன்" என்று தொடங்கி, மூன்று தலைமுறையை வாய்விட்டுச் சொல்வார். வாங்குகிறவர் நின்றுகொண்டுதான் கேட்கவேண்டும். ஞானஸ்நானத்தின்போது சாமியார்கூட இத்தனை கம்பீரமாகச் சொல்வதில்லை என்று மனைவி பாக்கியம் கேலி செய்வாள்.

அந்த வார்த்தையை நம்பித்தான் இந்த மாவட்டத்தில் பாதிப்பேர் இவரிடம் வருகிறார்கள்.

இந்தச் சனிக்கிழமை காலை அவர் கொட்டகை நிழலில் குந்தியிருந்தார். மடியில் உருண்டை என்கிற குட்டி. ஆறில் ஐந்து வீடு மாறிப் போய்விட, எஞ்சியது இதுதான். மற்ற ஐந்தும் கன்னிக்கே உரிய ஒல்லி உடம்பும் நீண்டு தொங்கும் வாலுமாக இருக்க, இது மட்டும் கொழுகொழுவென்று, வாலை முதுகின்மேல் வளையமாகச் சுருட்டிவைத்துக்கொண்டு திரிந்தது. அந்த வாலுக்குத் தினமும் விளக்கெண்ணெய் தடவி நீவிவிடுவது அவருடைய காலை வேலை. இந்த முயற்சியைப் பற்றி ஊரில் என்ன சொல்வார்கள் என்று உங்களுக்கே தெரியும். நான் சொல்லப்போவதில்லை.

"ப்பா, ரிப்போர்ட் வந்துடுச்சி" என்றபடி ராபின் கைபேசியோடு வந்தான்.

"படி. சத்தமாப் படி, உங்கம்மாவும் கேக்கட்டும்."

ராபின் படிக்கவில்லை. அப்பாவின் அருகில் தானும் குந்தினான்.

"ஆறுல நாலு வேலனுக்குப் பொறந்தது. சரியா இருக்குது. மத்த ரெண்டு வேலனுக்குப் பொறந்தது இல்லன்னு போட்டிருக்காங்கப்பா."

எண்ணெய்க் கை வாலிலேயே நின்றது.

"இன்னாடா ஒளர்ற? ஒரே வயித்துல, ஒரே நாள்ல பொறந்ததுங்க."

"நாய்ங்களுக்கு அப்படி உண்டாம். ஒரே ஈத்துல ரெண்டு தகப்பனுக்கும் பொறக்குமாம். டாக்டருக்குப் போன் போட்டுக் கேட்டுட்டுதான் உங்ககிட்ட வரேன்."

"எந்த ரெண்டு?"

"ஒண்ணு சுபஸ்ரீ மேடத்துக்குக் குடுத்தமே, பட்டுன்னு பேரு வச்சாங்களே, அது. இன்னொண்ணு..."

இன்னொன்று யாரென்று மடியில் இருந்ததே சொல்லிவிட்டது. உருண்டை வாலை அவர் கையிலிருந்து உருவி, பழையபடி சுருட்டிக்கொண்டது.

மோர்ச் சொம்போடு வந்த பாக்கியம் பின்னாலேயே நின்று கேட்டிருந்தாள். "தகப்பன் எவனா இருந்தா இன்னாங்க? தாய் நம்ம சிட்டுதான? அதுல ஒண்ணும் சந்தேகமில்லயே?"

"நீ கம்மனு இரு" என்றார் செபாஸ்தியான்.

கட்டில் கால் ஓரம் படுத்திருந்த சிட்டு, தன் பேரைக் கேட்டு ஒரு தடவை வாலால் தரையைத் தட்டியது. எப்பேர்ப்பட்ட கலகம் தன்னால் என்று அதற்கு எங்கே தெரியும்.

ராபின் குரலைத் தாழ்த்தினான். "ப்பா, ஒரு யோசனை. நாலு குட்டிக்கு மட்டும் பதிவு போட்டுடலாம். உருண்டை நம்ம வூட்டுலயே இருக்கப் போவுது. சுபஸ்ரீ மேடம் சான்று கேட்டா, வருது வருதுன்னு இழுக்கலாம். அவங்க நர்ஸ் வேலைக்கும் வூட்டுக்கும் ஓடிக்கினு இருக்கறவங்க, மறந்துடுவாங்க."

"அந்தம்மா நின்னுக்கினு கேட்டுதுடா" என்றார் செபாஸ்தியான். "ட்யூட்டி முடிச்சி, அந்த வெள்ள டிரஸ்ஸோட நின்னுக்கினு, நான் சொன்னத மூணு தலமொறயும் கேட்டுச்சி. நான் பொய் சொல்லி அனுப்பிட்டேன்னு ஆயிடுச்சி. இன்னும் இழுக்கணுமா?"

ராபின் தலையைக் குனிந்துகொண்டான்.

செபாஸ்தியான் கையைத் துடைத்தபடி எழுந்தார். மனதுக்குள் ஒரு கணக்கு ஓடியது. சிட்டு வெளியே கால் வைக்காத நாய். பருவத்துக்கு வந்தபோது கட்டிலோடு கட்டிவைத்து, உளுந்தூர்பேட்டைக்கு அழைத்துப்போய், அய்யப்பன் வீட்டில் இரண்டு நாள் விட்டுக் கூட்டிவந்தார். அய்யப்பனிடம் வேலன் மட்டுமா இருக்கிறது? சூரன் என்று இன்னொரு ஆண் நாயும் இருக்கிறது. வேலனுக்கு வயதாகிறது, குட்டி நிற்குமோ நிற்காதோ என்று அவனுக்குப் பயம். அதனால் மறுநாள் சூரனையும் அவிழ்த்துவிட்டிருப்பான்.

நினைக்க நினைக்க அது உண்மையாகவே ஆகிவிட்டது.

"வண்டிய எடுறா" என்றார்.

"அய்யப்பண்ணன் அப்படிப்பட்டவரா? யோசிச்சிப் பேசுங்க" என்று பாக்கியம் வாசல்வரை பின்னால் வந்தாள். அவர் காதில் ஏறவில்லை. வண்டி தியாகதுருகம் தாண்டி உளுந்தூர்பேட்டைக்குப் பறந்தது.

அய்யப்பன் வீட்டு முற்றம் முழுக்க மல்லாட்டை என்கிற வேர்க்கடலை காய்ந்துகொண்டிருந்தது. கால் வைக்க இடமில்லை. சாக்கை உதறிக்கொண்டிருந்த அய்யப்பன் வண்டிச் சத்தம் கேட்டு நிமிர்ந்தார்.

"வா மச்சான்! தங்கச்சி வரலயா? கொளஞ்சி, யாரு வந்திருக்காங்க பாரு! ராபினு, ஓரமா வா, மல்லாட்டய மெறிக்காத."

வேலை விஷயமாகப் பழகி, பண்டிகைக்குப் பண்டிகை சோறு தின்று, பாக்கியத்தைத் தங்கை என்று கூப்பிடத் தொடங்கி, அந்த வழியில் மச்சான் ஆனவர்கள் இவர்கள். கிறிஸ்துமஸ் கேக்கும் பொங்கல் கரும்பும் ஒரு வருஷம்கூட வீடு மாறிப் போகாமல் இருந்ததில்லை.

அய்யப்பனின் மனைவி கொளஞ்சியம்மாள் தண்ணீர்ச் சொம்பை நீட்டினாள். செபாஸ்தியான் வாங்கவில்லை. அப்போதே அய்யப்பனின் சிரிப்பு கொஞ்சம் குறைந்தது.

"சிட்டு இங்க இருந்தப்ப சூரன அவுத்து வுட்டியா?"

"இன்னா மச்சான் கேக்கற?"

"கேக்கறதுக்கு பதில் சொல்லு. ரெண்டு குட்டிக்குத் தகப்பன் வேலன் இல்ல. சோதனையில வந்துடுச்சி. என் வூட்டுல அவள அண்டறதுக்கு ஒரு நாய் கிடையாது. இங்கதான் நடந்திருக்குது."

அய்யப்பன் விளையாட்டுக்கென்று நினைத்து மறுபடி சிரித்தார். ராபின் முகத்தைப் பார்த்ததும் அந்தச் சிரிப்பும் போயிற்று.

"சூரன் அந்த ரெண்டு நாளும் கொல்லையில இருந்தான். நானே அங்கதான் படுத்திருந்தேன், கொளஞ்சியக் கேளு."

"உன் பொண்டாட்டி உனக்குதான சொல்லும்?"

பக்கத்து வீட்டு மதிலுக்கு மேல் இரண்டு தலைகள் தெரிந்தன. டீக்கடையில் இருந்தவர்களும் திரும்பிப் பார்த்தார்கள். ராபின், "ப்பா, மெதுவா" என்று கையைப் பிடித்தான். செபாஸ்தியான் கையை உதறினார்.

"நம்பி வுட்டேன் அய்யப்பா. திருட்டு வேல பண்ணிட்டியே!"

அய்யப்பன் சாக்கைக் கீழே போட்டார்.

"அந்தப் புயல் அடிச்ச வருஷம் நீ கம்பத்து மேல ஏறினப்ப, கீழ சுவிட்சுகிட்ட யாரையும் அண்டவுடாம நின்னது யாரு? ஊரே இருட்டுல கெடக்குது, கரண்ட போடு போடுன்னு ஆளுங்க சண்டைக்கி வரானுங்க. ஒத்த ஆளா மறிச்சிக்கினு நின்னேன். அன்னிக்கி உன் உசுர என் கைய நம்பி வுட்டுட்டு மேல ஏறின. இன்னிக்கி ஒரு நாய் விஷயத்துல நான் திருடனா?"

பதில் இல்லாத மனுஷனுக்குக் கோபம்தான் துணை. "அது வேற, இது வேற" என்றார் செபாஸ்தியான்.

அய்யப்பன் உள்ளே போனார். ஆண் நாய் வைத்திருப்பவருக்கு ஈத்தில் ஒரு குட்டி, அதுவும் அவர் விரும்பி எடுக்கும் குட்டி, கொடுப்பது வழக்கம். அப்படி அவர் ஆசையாகப் பொறுக்கி எடுத்த குட்டியைத் தூக்கிவந்து செபாஸ்தியானின் கையில் திணித்தார். குட்டியின் கழுத்தில் புதுச் சலங்கை கட்டியிருந்தது.

"திருடனுக்கு எதுக்குக் கூலி? எடுத்துக்கினு போ."

அவர்கள் தெருவுக்கு வந்ததும் இரும்புக் கம்பிக் கதவு சாத்தப்பட்டது. கொளஞ்சியம்மாள் கையில் தண்ணீர்ச் சொம்பு அப்படியே இருந்தது.

திரும்பும் வழியெல்லாம் அந்தக் குட்டி செபாஸ்தியான் மடியில் உட்கார்ந்து அவர் தாடையை நக்கிக்கொண்டே வந்தது. மனிதர் அத்தனை கோபத்திலும் அதைத் தள்ளிவிட மனம் வராமல் கழுத்தை மட்டும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சலங்கை குலுங்கிக்கொண்டே இருந்தது.

இங்கே வீட்டில் பாக்கியமும் மருமகள் அனிட்டாவும் மொச்சை உரித்துக்கொண்டிருந்தார்கள். உரித்ததில் பாதி சிட்டுவின் வாய்க்குப் போனது.

"அத்த, ஒண்ணு கேக்கவா?" என்றாள் அனிட்டா. "சிட்டு உளுந்தூர்பேட்டையிலருந்து வந்தப்பறம் எங்கயும் போவலயா?"

"எங்க போவுது? சங்கிலிய வுட்டு அவுக்கவே இல்ல. மாமா மெட்ராஸுக்கு நிச்சயதார்த்தத்துக்குப் போம்போதுகூட, அவள கட்டியே வையி, அவுக்காதன்னு நூறு வாட்டி சொல்லிட்டுப் போனாரு. நான் அவுக்கல."

"அவுக்கல. ஆனா நாம மலைக்குப் போனோமே அத்த."

மொச்சை உரிக்கும் விரல் நின்றது.

நடந்தது இதுதான். உளுந்தூர்பேட்டையிலிருந்து சிட்டு திரும்பியபோது, பாக்கியத்தின் கண்ணுக்கு அது நாயாகத் தெரியவில்லை. கல்யாணம் முடிந்து வந்த பெண்ணாகவே தெரிந்தது. மஞ்சள் தண்ணீர் ஊற்றிக் குளிப்பாட்டினாள். கழுத்துப் பட்டையில் மல்லிகைச் சரத்தைச் சுற்றினாள். செபாஸ்தியானும் ராபினும் சென்னைக்குக் கிளம்பிய அன்றே, கல்யாணமான பெண்ணை மறுவீட்டுக்கு அழைத்துப் போகவேண்டாமா என்று அவளுக்குத் தோன்றிவிட்டது. மறுவீடு என்றால் தாய்மாமன் வீடு. தாய்மாமன் என்றால் கரியாலூரில் இருக்கும் தன் தம்பி சவரிமுத்து. பஸ்ஸில் நாயை ஏற்றமாட்டார்கள் என்பதால் ஜீப் பேசி, மருமகளையும் கூட்டிக்கொண்டு மலையேறிவிட்டாள். வெள்ளிமலை வளைவுகளில் அனிட்டா இரண்டு தடவை வாந்தி எடுத்தாள். சிட்டு சன்னலுக்கு வெளியே மூக்கை நீட்டிக்கொண்டு ராணி மாதிரி வந்தது.

அங்கே ஆட்டுக்கறி, சாமைச் சோறு என்று விருந்து. ஒரு ராத்திரி தங்கல். செபாஸ்தியான் வருவதற்குள் மலையிறங்கி வந்துவிட்டார்கள். நாய்க்கு மறுவீடா என்று கேலி செய்வாரே என்ற வெட்கத்தில் பாக்கியம் இதை அவரிடம் சொல்லவே இல்லை. அனிட்டாவும் வாயைத் திறக்கவில்லை.

"பலா மரத்துலதான கட்டியிருந்தேன்? சங்கிலியோட!" என்றாள் பாக்கியம்.

"சிட்டுவ கட்டியிருந்தீங்க அத்த. உங்க தம்பி வூட்டு கருப்பன யாரும் கட்டலயே."

கருப்பன். காட்டுப் பன்றியை விரட்டச் சவரிமுத்து வளர்க்கும் மலை நாய். குட்டையான கால், அகன்ற மார்பு, முதுகின்மேல் வளையமாகச் சுருண்ட வால்.

பாக்கியம் உருண்டையைப் பார்த்தாள். உருண்டை வாலை ஆட்டியது. அந்த வளையம் இப்படியும் அப்படியும் ஆடியது.

"ஐயையோ மாதாவே! அவன் பக்கத்துல வந்து படுத்துக்கினு இருந்தான். வந்த எடத்துல புள்ளைக்கி ஒரு தொணையாச்சேன்னு நான்தான் அவனுக்கும் நாலு கறித்துண்டு போட்டேன்!"

அனிட்டாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. மாமியார் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டாள். "நம்மளுக்கு மாதிரி ஒரு நாளோட அதுங்களுக்குக் கல்யாணம் முடியறதில்ல அத்த. பருவம் தீர்ற வரைக்கும் காவல் காக்கணுமாம்."

"கல்யாணம் ஆன பொண்ணு மறுவீடு வந்தா யாராவது காவல் வைப்பாங்களாடி?"

தம்பிக்குப் போன் போட்டாள். மலையில் சிக்னல் விட்டு விட்டு வந்தது. "அத நான் அன்னிக்கி சாயங்காலமே பாத்தேங்கா" என்றார் சவரிமுத்து. "மாமன் வூட்டுக்கு வந்த எடத்துல இப்படி ஆயிடுச்சேன்னு உங்கிட்ட எப்படி சொல்றது? வெக்கமா இருந்துது. வுட்டுட்டேன்."

அக்காளுக்கும் வெட்கம், தம்பிக்கும் வெட்கம். இரண்டு வெட்கமும் சேர்ந்து ஒரு மனுஷனின் வார்த்தையைக் கவிழ்த்துவிட்டது. பாக்கியம் போனை வைத்தபோதுதான் வாசலில் சலங்கைச் சத்தம் கேட்டது.

செபாஸ்தியான் நேரே போய்க் கட்டிலில் உட்கார்ந்தார். ராபின் அம்மாவின் காதருகில் நடந்ததைச் சொன்னான். ஒவ்வொரு வரிக்கும் பாக்கியத்தின் முகம் சுருங்கியது. அய்யப்பனைத் திருடன் என்று சொன்னதைக் கேட்டபோது வாயைப் பொத்திக்கொண்டாள்.

சாப்பாடு போடட்டுமா என்று கேட்டாள். வேண்டாம் என்றார். அவள் கட்டிலுக்கு எதிரில் தரையில் உட்கார்ந்தாள்.

"நான் ஒண்ணு சொல்வேன். சொல்லி முடிக்கற வரைக்கும் எழுந்திரிக்கக்கூடாது."

சொன்னாள். மஞ்சள் தண்ணீர், மல்லிகை, ஜீப், பலா மரம், கறித்துண்டு, எதையும் விடவில்லை. பாதியில் அழுகை வந்தது. முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு மீதியையும் சொன்னாள்.

செபாஸ்தியான் குனிந்து அவள் முகத்தைப் பார்த்தார்.

"மறுவீடா?"

"ஆமா."

"நாய்க்கு?"

"சிட்டு உங்களுக்கு நாயா? அவள நாயின்னு சொன்னதுக்கு என்ன எத்தினி வாட்டி கடிச்சிருக்கீங்க!"

செபாஸ்தியானின் மீசை முதலில் துடித்தது. கோபம் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். பார்த்தால் சிரிப்பு. தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தார். "கறித்துண்டு வேற போட்டாளாம்டா!" என்று மகனிடம் சொல்லிச் சிரித்தார். ராபினும் அனிட்டாவும் அதற்காகவே காத்திருந்ததுபோல் சேர்ந்துகொண்டார்கள். பாக்கியம் மட்டும் சிரிக்கவில்லை. தன் புருஷனின் சிரிப்பு எங்கே போய் முடியும் என்று அவளுக்குத் தெரியும்.

சிரித்துக்கொண்டே இருந்தவர் துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார்.

"தண்ணிகூட வாங்கிக் குடிக்கல பாக்கியம். கொளஞ்சி சொம்ப நீட்டிக்கினு நிக்குது. ஊரு பாக்க அவன திருடன்னு சொல்லிட்டு வந்துட்டேன்."

"என்னாலதான" என்றாள் அவள்.

"உன்னால இல்ல. நீ பாசத்துல பண்ணிட்ட. நான் பேசினது திமிரு." துண்டை எடுத்துவிட்டு உருண்டையைப் பார்த்தார். "இவன் வால் சுருளும்போதே எனக்கு மனசுல உறுத்திச்சி. கேட்டுத் தெரிஞ்சிக்கறதுக்கு பதிலா எண்ணெயத் தடவிக்கினு உக்காந்திருந்தேன். செபாஸ்தியான் வூட்டுல தப்பே வராதுன்னு ஒரு நெனப்பு."

பாக்கியம் அவர் காலைத் தொட்டாள். அவர் அவள் தலையில் கைவைத்தார். குட்டியை வழியனுப்பும்போது வைக்கும் அதே வலது கை. பிள்ளைகள் இருவரும் வேறு பக்கம் பார்த்துக்கொண்டார்கள்.

சுபஸ்ரீக்குப் போன் போட்டார். மணி அடித்து ஓய்ந்தது. ட்யூட்டியில் இருப்பாள். அய்யப்பனுக்குப் போட்டார். இரண்டாவது மணியிலேயே துண்டிக்கப்பட்டது. செபாஸ்தியான் எழுந்து சட்டையை மாட்டினார். அவர் கேட்பதற்கு முன்பே பாக்கியம் தட்டில் வெற்றிலை பாக்கு எடுத்துவைத்திருந்தாள்.

பக்கத்து வீட்டு லோடு ஆட்டோவை ராபின் ஓட்டினான். பின்னால் செபாஸ்தியான், பாக்கியம், சலங்கைக் குட்டி, உருண்டை. உளுந்தூர்பேட்டை போய்ச் சேர்ந்தபோது வெயில் இறங்கியிருந்தது. நெடுஞ்சாலை லாரிகளின் சத்தம் தெருவுக்குள்ளும் கேட்டது. முற்றத்தில் மல்லாட்டையை ஒரு மூலையாகக் குவித்திருந்தார்கள். அய்யப்பன் கயிற்றுக் கட்டிலில் வாசலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். இரும்புக் கதவு தாழிட்டிருந்தது.

"அய்யப்பா" என்றார் செபாஸ்தியான்.

முதுகு அசையவில்லை.

காலையில் எட்டிப்பார்த்த அதே இரண்டு தலைகள் மதிலுக்கு மேல் மறுபடி வந்தன. டீக்கடையிலும் பேச்சு நின்றது. செபாஸ்தியானுக்கு அது தெரிந்தது. தெரிந்துதான் குரலை உயர்த்தினார். காலையில் எத்தனை பேர் கேட்டார்களோ அத்தனை பேரும் இப்போதும் கேட்கவேண்டும்.

வெற்றிலைத் தட்டைக் கதவின் முன்னால் வைத்தார். உருண்டையை இடது கையில் அணைத்து, அதன் தலையில் வலது கையை வைத்தார்.

"தாய் சிட்டு. தகப்பன்..." தொண்டையைச் செருமிக்கொண்டார். "தகப்பன் வேலன் இல்ல. சூரனும் இல்ல. தகப்பன் கரியாலூர் சவரிமுத்து வூட்டு கருப்பன். அவனுக்குத் தாய் தகப்பன் யாருன்னு எனக்குத் தெரியாது."

தெரியாது என்ற சொல் அந்தக் கையின் கீழ் இதுவரை வந்ததே இல்லை.

"இங்க எந்தத் தப்பும் நடக்கல. அய்யப்பன் வூட்டுல ஒரு குத்தமும் கிடையாது. வாயத் தொறந்து அப்படி சொன்னவன் நான்தான். எல்லாரும் கேட்டுக்குங்க."

அய்யப்பன் திரும்பவில்லை. ஆனால், "கரியாலூர் நாய் எப்படி இங்க வந்துது?" என்று சுவரைப் பார்த்துக் கேட்டார்.

"நான்தாண்ணே சிட்டுவ மறுவீட்டுக்குக் கூட்டிக்கினு போயிட்டேன்" என்றாள் பாக்கியம்.

உள்ளே கொளஞ்சியம்மாள் களுக்கென்று சிரித்துவிட்டாள். அய்யப்பனின் முதுகும் ஒரு தடவை குலுங்கியது. உடனே நிமிர்ந்துகொண்டது.

"கொளஞ்சி, தங்கச்சிய உள்ள கூப்புடு. காப்பி போடு. ராபினும் வரட்டும். என் குட்டியயும் வாங்கிக்க."

"அண்ணன்?" என்றாள் கொளஞ்சியம்மாள்.

"அவரு அங்கயே நிக்கட்டும்."

கதவு ஒரு ஆள் நுழையும் அளவுக்குத் திறந்து, பாக்கியத்தையும் ராபினையும் சலங்கைக் குட்டியையும் உள்ளே வாங்கிக்கொண்டு, மறுபடி தாழிட்டுக்கொண்டது. செபாஸ்தியான் தெருவில் நின்றார். கையில் உருண்டை, காலடியில் வெற்றிலைத் தட்டு. கொட்டகையிலிருந்து வேலன் எழுந்துவந்து, கம்பி இடுக்கில் மூக்கை நுழைத்து உருண்டையை முகர்ந்து பார்த்தது. தன் பிள்ளை இல்லை என்று அதற்குத் தெரிந்ததோ என்னவோ, காதை நக்கிவிட்டது.

அப்போதுதான் போன் அடித்தது. சுபஸ்ரீ.

"சார், கூப்ட்டிருந்தீங்களே? இப்பதான் ட்யூட்டி முடிஞ்சுது."

"அம்மா, உங்களுக்குக் குடுத்த குட்டிக்கி நான் சொன்ன தகப்பன் பேரு தப்பு. வேணும்னு சொல்லல, ஆனா தப்பு தப்புதான். அது முழுக் கன்னி இல்ல. பாதி மலை நாய். அதுக்குப் பதிவுச் சான்று வராது. உங்களுக்கு இன்னா நியாயம் தோணுதோ சொல்லுங்க, அதப் பண்றேன்."

அந்தப் பக்கம் ஒரு பஸ் ஹாரன் கேட்டது. பிறகு சுபஸ்ரீயின் குரல் உடைந்து வந்தது.

"பட்டுவ திருப்பி வாங்கிக்கப் போறீங்களா சார்? குடுக்க மாட்டேன் சார். ராத்திரி ட்யூட்டி முடிச்சி வந்தா வூட்டுல எனக்குன்னு அவ ஒருத்திதான் முழிச்சிக்கினு இருக்கா. சான்று வேணாம். அவ இருந்தா போதும்."

செபாஸ்தியானுக்குக் கண் மறைத்தது. "உங்களுதுதாம்மா. எப்பவும் உங்களுதுதான்" என்றார். போனைப் பையில் போட்டுவிட்டு உருண்டையின் முதுகில் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

கதவுக்கு அந்தப் பக்கம் செருப்புச் சத்தம் வந்து நின்றது.

"யாரு போன்ல?" என்றது அய்யப்பனின் குரல்.

"சுபஸ்ரீ. இன்னொரு குட்டி அந்தம்மாகிட்டதான் இருக்குது."

"உள்ளத சொல்லிட்டியா?"

"சொல்லிட்டேன்."

"சங்கத்துல?"

"நாளைக்கிக் கூட்டம் இருக்குது. போய் எல்லார் முன்னாடியும் சொல்லணும். நான் சொன்ன வார்த்தைக்கி என்னத் தூக்கத்தான் தூக்குவாங்க."

தாழ்ப்பாள் அசையவில்லை. உள்ளே பாக்கியமும் கொளஞ்சியம்மாளும் மெல்லச் சிரித்துப் பேசும் சத்தம் கேட்டது. வேலன் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தது. அய்யப்பன் கனைத்துக்கொண்டார்.

"எத்தினி மணிக்கி வரணும்?" என்று கேட்டார்.